பெட்டி வந்து சேர்ந்ததா?

சினிமா ஃபிலிமில் ஓடிய காலத்தில், சிற்றூர்த் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "பெட்டி வந்தாச்சா?" இரண்டரை மணி நேரப் படம் பதினான்கு, பதினைந்து ரீல்களாகத் தகரப் பெட்டிகளில் அடைபட்டு வரும். ஒரே பிரதியை அடுத்தடுத்த ஊர்களின் இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொள்வதும் வழக்கம். முதல் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்களை ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த தியேட்டருக்கு மிதிப்பார். அவருடைய சைக்கிள் பஞ்சரானால் அங்கே இடைவேளை நீளும்.

அந்தப் பெட்டி இப்போது இல்லை. சென்னையில் பிறந்த கியூப், மும்பையின் யுஎஃப்ஓ மூவீஸ் போன்ற நிறுவனங்கள் படத்தை டிஜிட்டல் கோப்பாக்கி ஹார்டு டிஸ்க் வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் தியேட்டருக்கு அனுப்பத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இடம் மாறி உயிரோடு இருக்கிறது. ஜவுளிக்கடை, வங்கிக் கிளை, மருத்துவமனை வரவேற்பறை, ரயில் நிலையம், விமான நிலையம் என்று எங்கு பார்த்தாலும் விளம்பரத் திரைகள். தோக்கியோவின் யமனோத்தே ரயில் பாதையில் 2002இலேயே பெட்டிக் கதவுகளுக்கு மேல் திரைகள் வந்து, வீடியோ விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது. இத்தனை திரைகளுக்கும் வீடியோ எங்கிருந்தோ வந்து சேர வேண்டும். எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மாதச் செலவும், திரை இருண்டுபோகும் வாய்ப்பும் அமைகின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். யூடியூப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடைத் திரையும் இணையத்திலிருந்து நேரடியாக வீடியோவை இழுத்து ஓட்டுவதாகத் தோன்றும். அப்படிச் செய்யவும் முடியும். அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆசை அடங்கிவிடும்.

முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 நெடுவரிசை, 1080 கிடைவரிசைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், விநாடிக்கு 30 படம் என்று வைத்தால், சுருக்காத வீடியோ விநாடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட் கேட்கும். 2003இல் வெளியான எச்.264 போன்ற சுருக்கும் முறைகள் அதை 8 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அந்த அளவில் 30 விநாடி விளம்பரம் ஒன்று 30 மெகாபைட் கோப்பு. பத்து விளம்பரம் சேர்ந்த ஐந்து நிமிடத் தொகுப்பு 300 மெகாபைட்.

ஒரு கடை நாளுக்கு 12 மணி நேரம் திறந்திருக்கிறது என்று கொள்வோம். அந்த ஐந்து நிமிடத் தொகுப்பு 144 முறை ஓடும். ஸ்ட்ரீமிங்கில், அதே வீடியோ 144 முறையும் இணையம் வழியாக வந்தாக வேண்டும். ஒரு திரைக்கு நாளொன்றுக்கு 43 கிகாபைட்டுக்கு மேல். ஒருமுறை இறக்கித் திரையின் பின்னால் உள்ள சிறு கருவியில் சேமித்துக்கொண்டால் 300 மெகாபைட்டோடு வேலை முடிந்தது. 500 திரைகள் உள்ள நிறுவனம் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்ட்ரீமிங்குக்கு நாள் முழுதும் விநாடிக்கு 4 கிகாபிட் இடைவிடாமல் பாய வேண்டும். சேமிக்கும் முறையில், இரவு ஆறு மணி நேரத்தில் மொத்தத்தையும் அனுப்பிவிட விநாடிக்கு 56 மெகாபிட் போதும். அது வீட்டு ஃபைபர் இணைப்பின் அளவு.

ஆகவே, திரைக்கு வீடியோ அனுப்பும் முறையைத் தேர்வு செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தொழில்நுட்பம் புதியது என்பதே அன்று. இந்த வீடியோ எவ்வளவு தாமதத்தைத் தாங்கும் என்பதுதான். ஆடித் தள்ளுபடி விளம்பரம் நேற்றிரவே வந்து காத்திருக்கலாம். கிரிக்கெட் ஆட்டத்தின் நேரலை இரண்டு விநாடி பிந்தினாலே பக்கத்துக் கடையின் கூச்சல் முந்திக்கொள்ளும். விளம்பரத் திரைகளில் ஓடும் வீடியோவில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அதற்குச் சேமித்து ஓட்டுவதே சரி. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

சேமிப்பது என்று முடிவான பிறகு, கோப்பைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்வி வருகிறது. எளிய வழி, எல்லாத் திரைகளும் ஒரு மைய சர்வரிடம் வந்து கேட்டு வாங்கிக்கொள்வது. சாதாரண இணையத் தளத்தைத் திறப்பது போன்ற வேலைதான். நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எச்.டி.டி.பி. நெறிமுறையிலேயே இருக்கிறது. இதில் புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "நள்ளிரவு 12 மணிக்கு இறக்கு" என்று எல்லாத் திரைக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்துவிடுவார்கள். 12 மணிக்கு 500 திரைகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டும்; சர்வர் திணறும்; தோற்ற திரைகள் எல்லாம் மறுபடியும் ஒன்றாகத் தட்டும். ஒவ்வொரு திரையும் 12க்கும் 4க்கும் இடையில் தானே ஏதோ ஒரு நிமிடத்தைக் குலுக்கலில் எடுத்துக்கொண்டால் இந்த நெரிசல் கரைந்துவிடும். மென்பொருளில் ஒரே ஒரு வரி அது.

மைய சர்வரின் சுமையைக் குறைக்க இன்னொரு ஏற்பாடு, உலகெங்கும் நகல்களை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் விநியோக வலைகள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கணித ஆய்வாளர்கள் 1998இல் தொடங்கிய அகமாய் இதன் முன்னோடி. திரை தனக்கு அருகிலுள்ள நகலிடம் கேட்கும். மைய சர்வர் நிம்மதியாக இருக்கும். ஆனால் இந்த வலைகள் கடையின் வாசல்வரைதான் உதவும். வாசலுக்கு உள்ளே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது.

நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் 20 திரைகள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு வரும் இணைப்பு 20 மெகாபிட். ஒவ்வொரு திரையும் தனித்தனியே 300 மெகாபைட் தொகுப்பை வெளியிலிருந்து வாங்கினால் மொத்தம் 6 கிகாபைட். 40 நிமிடம் பிடிக்கும். பகலில் இது நடந்தால் பில் போடும் கணினியும் கார்டு தேய்க்கும் கருவியும் வாடிக்கையாளர் முன்னால் முழிக்கும். ஒரே ஒரு திரை வாங்கி மற்ற பத்தொன்பதுக்கும் கட்டடத்துக்குள்ளேயே கொடுத்தால்? வெளியிலிருந்து வருவது ஒரே பிரதி. இரண்டே நிமிடம்.

ஒருவர் வாங்கிப் பலருக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பெரும் அளவில் நடத்திக் காட்டியது பிட்டொரென்ட். அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட இந்த முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டு கையில் வந்ததுமே அதை மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கலாம். முழுக் கோப்பும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவர் கூடக்கூடக் கொடுப்பவரும் கூடுகிறார்கள். திருட்டுச் சினிமாவால் இந்தப் பெயருக்குக் களங்கம் வந்தது உண்மை. அதன் உள்ளே இருக்கும் கணிதம் நேர்மையானது. பெரிய நிறுவனங்களே அதைப் பயன்படுத்தின. ட்விட்டர் நிறுவனம் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் புதிய மென்பொருளை அனுப்ப 40 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. பிட்டொரென்ட் முறைக்கு மாறியதும் அது 12 விநாடியாகக் குறைந்ததாக 2010இல் அறிவித்தது. அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் மர்டர். கொலை என்ற பொருளில் இல்லை. காக்கைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர் உண்டு. சோறு கண்ட காக்கை கரைந்து கூட்டத்தை அழைப்பதை நாள்தோறும் பார்க்கும் நமக்கு, அந்தப் பெயரின் பொருத்தம் அவர்களைவிட நன்றாகவே புரியும்.

விண்டோஸ் 10 வந்த 2015 முதல், மைக்ரோசாஃப்ட்டும் இதே வழியைக் கையாள்கிறது. ஒரு கணினி இறக்கிய புதுப்பிப்பைப் பக்கத்துக் கணினிகள் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். ஒரே கட்டடத்தில் நான்கு திரைக்கு மேல் வைத்திருக்கும் எவரும், தாங்கள் வாங்கும் மென்பொருளில் இந்த வசதி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

இனி நேரலை. இங்கே சேமிப்புக்கு வழியில்லை; எல்லாத் திரைக்கும் ஒரே கணத்தில் ஒரே காட்சி வேண்டும். இதற்காகவே பிறந்த முறை மல்டிகாஸ்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் இதை உருவாக்கினார். அதன் இணைய விதிமுறை 1989இல் வெளியானது. சாதாரண முறையில் ஆயிரம் பேருக்கு அனுப்ப ஆயிரம் பிரதிகள் சர்வரிலிருந்தே கிளம்ப வேண்டும். மல்டிகாஸ்ட்டில் ஒரே பிரதிதான் கிளம்பும். பாதை கிளை பிரியும் இடத்தில் மட்டும், அங்குள்ள கருவி நகல் எடுத்து இரு பக்கமும் அனுப்பும். கேட்பவர் இல்லாத கிளைக்குள் எதுவும் நுழையாது. இதற்கென்று ஐ.பி. முகவரிகளில் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை ஒரு தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவை எந்த ஒரு கணினிக்கும் உரியவை அல்ல. வானொலி அலைவரிசையைப் போல, வேண்டியவர் அந்த முகவரியைத் திருப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1992இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் ஒலி, இந்த வழியில் கண்டம் கடந்து ஒலிபரப்பானது. 1994இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கச்சேரியின் ஒரு பகுதியும் போனது. அப்போது பலரும் தொலைக்காட்சியின் எதிர்காலம் இதுதான் என்று நம்பினார்கள். அது நடக்கவில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் கருவிகளில் இதற்கு இடம் தர வேண்டும். அடுத்தவரின் போக்குவரத்துக்காக நினைவகத்தைச் செலவிட வேண்டும். யாரிடம் எவ்வளவு கட்டணம் வாங்குவது என்பதற்குத் தெளிவான கணக்கும் இல்லை. அதனால் பொது இணையத்தில் மல்டிகாஸ்ட் இன்றும் பெரும்பாலும் செல்லாது. திரைகளுக்கான திட்டம் போடுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அலுவலகத்தில் சோதித்தபோது அழகாக ஓடியது, கிளைகளுக்குப் போனதும் ஓடாது.

ஆனால் ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள வலையில் மல்டிகாஸ்ட் சிங்கம். 2009இல் நியூயார்க்கில் திறந்த புதிய யாங்கி ஸ்டேடியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைகளை சிஸ்கோ நிறுவனத்தின் அமைப்பு இயக்கியது; அந்த அமைப்பு மல்டிகாஸ்ட்டை நம்பி நிற்பது. திரை ஆயிரமானாலும் மூலத்திலிருந்து கிளம்புவது ஒரு சேனலுக்கு ஒரு பிரதிதான்.

இதிலும் இரண்டு முட்கள் உண்டு. மலிவான சுவிட்ச் கருவிகளுக்கு யார் கேட்கிறார்கள் என்று கவனிக்கத் தெரியாது. அவை மல்டிகாஸ்ட்டை எல்லாத் துளைகளுக்கும் கொட்டிவிடும். வீடியோவுக்குச் சம்பந்தமில்லாத கணினிகளும் அதில் மூழ்கும். அடுத்தது வைஃபை. சாதாரண வைஃபை பரிமாற்றத்தில் தரவுப் பொட்டலம் கிடைத்ததா என்று கருவி பதில் சொல்லும், கிடைக்காவிட்டால் மறுபடி வரும். மல்டிகாஸ்ட்டில் அந்தப் பதில் கிடையாது. வேகமும் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடும். நேரலை வேண்டும் என்றால் கேபிள் இழுத்துவிடுவதே நலம்.

தூரம் பெரிது, இடங்கள் பல, எல்லோருக்கும் ஒரே சரக்கு என்றால் வானம்தான் மலிவான பாதை. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு மூவாயிரம் கடையும் ஒன்றுதான், முப்பதாயிரம் கடையும் ஒன்றுதான். அமெரிக்காவின் வால்மார்ட் 1987இலேயே கடைகளையும் தலைமையகத்தையும் இணைக்கத் தனிச் செயற்கைக்கோள் வலையை அமைத்து முடித்தது. 1998இல் கடைகளுக்குள் சொந்தத் தொலைக்காட்சிச் சேவையையும் தொடங்கியது.

செயற்கைக்கோளில் உள்ள தொல்லையை டி.டி.எச். வைத்திருக்கும் எல்லா வீடும் அறியும். கனமழை பெய்தால் படம் போய்விடும். 10 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளை மழைத்துளிகள் தின்றுவிடுகின்றன. நேரலையில் போனது போனதுதான். கோப்பு அனுப்பும்போது சில பொட்டலங்கள் விழுந்தால் என்ன செய்வது? மூவாயிரம் கடைகளில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பொட்டலம் தவறியிருக்கும். எல்லோரும் "எனக்கு இது வரவில்லை" என்று கேட்கத் தொடங்கினால் ஒரே பிரதி அனுப்பும் லாபம் முழுதும் போய்விடும். கேட்பதற்குத் திரும்பும் பாதையே இல்லாத இடங்களும் உண்டு. கோப்பை ராட்டினம் போல மறுபடி மறுபடி சுற்றவிடுவது பழைய தீர்வு. ஆயிரம் துண்டில் 412ஆம் துண்டு மட்டும் தவறிய கடை, அது மறுபடி வரும்வரை ஒரு சுற்று முழுதும் காத்திருக்கும். இரண்டாம் சுற்றிலும் அதே நேரத்தில் மழை பிடித்தால்?

இந்த இடத்தில்தான் கணிதம் ஓர் அருமையான பரிசைத் தந்தது. மைக்கேல் லூபி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் "டிஜிட்டல் ஊற்று" என்ற கருத்தை முன்வைத்தார்கள். அனுப்புபவர் துண்டுகளை மட்டும் அப்படியே அனுப்புவதில்லை; பல துண்டுகளைக் கலந்து புதுப் பொட்டலங்களை ஊற்றுப் போல ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருப்பார். எளிய உதாரணம்: முதல் துண்டு 7, இரண்டாம் துண்டு 5 என்று வைப்போம். 7, 5, இரண்டின் கூட்டுத்தொகையான 12 என மூன்று பொட்டலங்கள் கிளம்புகின்றன. 5 வழியில் தொலைந்தாலும் 12இலிருந்து 7ஐக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். 7 தொலைந்தாலும் அப்படியே. எது தொலைந்தது என்று அனுப்பியவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

ஊற்றில் குடம் பிடிப்பவர் எந்தத் துளி விழுந்தது என்று பார்ப்பதில்லை, குடம் நிறைந்ததா என்றுதான் பார்க்கிறார். ஆயிரம் துண்டுள்ள கோப்புக்கு, ஆயிரத்தைவிடச் சற்றே கூடுதலான பொட்டலங்கள் எவை வந்தாலும் போதும். முழுக் கோப்பும் கிடைத்துவிடும். மழை பெய்த கடை பிறகு கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். அமீன் ஷொக்ரொல்லாஹி இந்த முறையை மேலும் வேகமாக்கி ராப்டர் குறியீடுகளை உருவாக்கினார். கைப்பேசிகளுக்கான ஒலி, ஒளிபரப்புத் தரங்களில் அவை இடம்பெற்றன.

வால்மார்ட்டுக்குத் திரும்புவோம். 2008இல் அந்த நிறுவனம் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையை விட்டுவிட்டு, இணைய நெறிமுறையில் இயங்கும் புதிய வலைக்கு மாறுவதாக அறிவித்தது. எல்லாக் கடைக்கும் ஒரே நிகழ்ச்சி என்பதுதான் பழைய முறையின் மலிவுக்குக் காரணம். அதுவே அதன் பலவீனமும் ஆனது. காய்கறிப் பகுதித் திரையில் ஒன்று, மருந்துப் பகுதியில் வேறொன்று, காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று தனித்தனியே காட்ட விரும்பியபோது வானத்திலிருந்து பொழிவது உதவவில்லை. விளம்பரம் கொடுப்பவர் கேட்கும் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "என் விளம்பரம் எத்தனை முறை ஓடியது?" அதற்குப் பதில் சொல்லத் திரும்பும் பாதை வேண்டும். அந்தப் பதிவு சில கிலோபைட்தான். அதைக் கொண்டுவர வழியில்லாத முறைக்கு விளம்பரதாரர் பணம் தரத் தயங்குவார்.

இத்தனை வழிகளுக்கு நடுவில் பென் டிரைவை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 64 கிகாபைட் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து வேலூருக்கு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் செய்தால், விநாடிக்கு 47 மெகாபிட் வேகத்தில் தரவு நகர்கிறது. பத்துக்கும் குறைவான திரைகள், மாதம் ஒருமுறை மாற்றம், நல்ல இணையம் இல்லாத இடம் என்றால் அது மதிப்பான தீர்வே. ரீல் பெட்டி கட்டிய சைக்கிளின் நேர் வாரிசு அது.

எதை அனுப்புவது என்பதிலும் புத்தி வேண்டும். சென்னையில் தங்கத்தின் விலை காலையில் ஒருமுறை, பல நாட்களில் மாலையிலும் மாறுகிறது. நகைக்கடைத் திரையில் ஓடும் வீடியோவுக்குள்ளேயே அந்த விலையை எழுதிவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு வீடியோவையும் மறுபடி செய்து அனுப்ப வேண்டும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற கருவியை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996இலேயே தந்திருக்கிறார்கள். அது எழுத்துக் கோப்புகளில் அற்புதமாக வேலை செய்யும். சுருக்கிய வீடியோவில் ஒரு மூலையில் ஓர் எண் மாறினாலும் கோப்பின் பெரும்பகுதி மாறிவிடுவதால், அங்கே பெரிதாக உதவாது. வீடியோவைத் தனியே வைத்து, விலையை அதன்மேல் எழுத்தாகக் காட்டுவதே வழி. 30 மெகாபைட்டுக்குப் பதிலாகச் சில பைட்டுகள் போகும்; மாற்றம் கண்சிமிட்டும் நேரத்தில் திரைக்கு வரும்.

பாதுகாப்பை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுபவர்கள் வருந்துவார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்ற அவைத்தலைவர் நான்சி பெலோசி தைவானுக்குச் சென்றபோது, அங்குள்ள சங்கிலிக் கடைகளின் திரைகளிலும் ஒரு ரயில் நிலையத் திரையிலும் அவரைத் திட்டும் வாசகங்கள் திடீரென்று தோன்றின. ஊடுருவியவர்கள் உள்ளே புகுந்து எழுதியவை அவை. தனக்கு வரும் ஒவ்வொரு கோப்பும் உரிமையாளரின் டிஜிட்டல் கையொப்பத்துடன் வந்ததா என்று திரை தானே சரிபார்த்தால், வழியில் யாரோ மாற்றி வைத்த கோப்பு ஓடாது. அதோடு, பாதி இறங்கிய கோப்பை ஓட்ட முயன்று திரை இருண்டுபோகாமல் இருக்க, புதியது தற்காலிகப் பெயரில் இறங்கி, அது குறையின்றி வந்ததைக் காட்டும் கணித முத்திரை சரியென்று தெரிந்த பிறகே பழையதன் இடத்துக்கு வர வேண்டும். அதுவரை நேற்றைய விளம்பரமே ஓடட்டும். பழைய விளம்பரம் ஓடினால் யாருக்கும் தெரியாது. கறுப்புத் திரை தெருவுக்கே தெரியும்.

கடைக்கோ பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ இப்படியொரு அமைப்பை வாங்கப் போகிறவர்கள், விற்பவர் காட்டும் செயல்விளக்கத்தின்போது ஒன்றைச் செய்யுங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு மின்சாரத்தையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள், கேபிளைச் செருகாமலே. திரை தானாக எழுந்து விளம்பரத்தை ஓட்டினால் விலையைப் பேசத் தொடங்கலாம். ஓட்டாவிட்டால் வாங்காதீர்கள்.